எறும்பு சாட்சி

அந்த வருஷம் தை மாசம் பூரா நான் செத்துக்கிட்டிருந்தேன். வீட்டுல ஒருத்தருக்கும் அதுல அக்கறை இல்ல. கரும்பு வெட்டு நடந்துக்கிட்டிருந்தது. கொல்லையில ஆலை ஓடுது, கொப்பரையில பாகு கொதிக்குது, மாட்டுக்குத் தவிடு காட்டணும், ஆளுங்களுக்குக் கூழ் கரைக்கணும். இதுக்கு நடுவுல இருபத்தோரு வயசுப் பிள்ளை ஒருத்தன் சாகறான்னா அதைக் கவனிக்க யாருக்கு நேரம் இருக்கு? எங்கம்மா மட்டும் ஒரு நாள் என் தட்டைப் பார்த்துட்டு, சாவப்போறவனுக்கு இந்தப் பசி எடுக்குமாடான்னு கேட்டா. அந்த நோயோட லட்சணமே அகோரப் பசிதான்மான்னு சொன்னேன். இன்னொரு உருண்டை களியை வெச்சுட்டுப் போயிட்டா.

நான் அப்போ புதுச்சேரியில பிரஞ்சு சட்டம் படிச்சுக்கிட்டிருந்தேன். எங்க வீடு பாகூர் பக்கம், ஏரித் தண்ணி பாயற இடத்துல. நெல்லும் கரும்பும் வெக்கிற குடும்பம். எங்க சனத்துல படிப்புன்னு பட்டணம் போன முதல் ஆளு நான்தான்கறதால, லீவுல வந்தா என்னை வேலைக்கும் கூப்பிட மாட்டாங்க, சும்மா இருக்கவும் விட மாட்டாங்க. மாசியில கல்யாணம் வேற நிச்சயம் ஆகியிருந்தது. பொண்ணு கரியமாணிக்கத்துல. நிச்சயத்தன்னிக்கு ஒரே ஒரு தரம் பார்த்தேன். தாம்பாளத்தை நீட்டினப்போ என்னைப் பார்த்துச் சிரிச்ச மாதிரி இருந்தது. அந்தச் சிரிப்பை நம்பி, இன்னும் ஒரு நாப்பது அம்பது வருஷம் உயிரோட இருக்கலாம்னு நான் திட்டம் போட்டு வெச்சிருந்தேன். அதுல மண்ணை அள்ளிப் போட்டவன் என் ரூம்ல கூட இருந்த கூட்டாளி.

அவன் வில்லியனூர்க்காரன். வைத்தியப் பள்ளிக்கூடத்துல டாக்டருக்குப் படிச்சுக்கிட்டிருந்தான். நல்லவன்தான். ஆனா மனசுக்குள்ள படிக்கத் தெரியாதவன். பிரஞ்சுல ஒரு பக்கத்தை உரக்கப் படிப்பான், புரிஞ்சுதான்னு பார்க்க அதையே தமிழ்ல எனக்குச் சொல்லுவான், அப்புறம் என்னைக் குப்புறப் படுக்கப் போட்டு முதுகுல தட்டித் தட்டிப் பார்ப்பான். அவங்க வகுப்புல ஒரு பழக்கம் உண்டு. எந்த வியாதி பாடமோ அது அந்த வாரம் பாதிப் பேருக்கு இருக்கும். இருதயம் நடத்தினா ஆளாளுக்குக் கை நாடியைப் பிடிச்சுக்கிட்டுத் தெருவுல நடப்பாங்க. க்ஷயம் நடத்தினா கைக்குட்டையில துப்பித் துப்பி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்ப்பாங்க. அவங்களை விடுங்க, திங்கட்கிழமை அடுத்த பாடம் வந்துடும், பழைய வியாதி தானா போயிடும். நான் சட்டம் படிக்கிறவன். எனக்கு வந்த வியாதியைத் துரத்த எங்க வாத்தியார்கிட்ட ஒண்ணும் கிடையாது. சொத்துரிமைச் சட்டத்தைப் படிச்சு யாருக்காவது நெஞ்சு வலி நின்னிருக்கா?

ஆக அவன் படிச்சான், நான் அனுபவிச்சேன். ஒரு தரம் குடல்வால் அழற்சின்னு சொன்னான். நாலு நாள் இடது பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு முனகினேன். அப்புறம் அவன் புஸ்தகத்துப் படத்தைக் காட்டி, டேய் அது வலது பக்கமில்ல இருக்குதுன்னான். அன்னிக்குச் சாயங்காலமே வலி வலது பக்கம் வந்துடுச்சு. இதைச் சொல்ல எனக்கு இப்போ வெக்கமில்ல. அப்போ வலி நிஜமாவே இருந்தது.

பொங்கல் லீவுக்கு முந்தின வாரம் அவனுக்கு நீரிழிவு பாடம். மூத்திரத்துல சர்க்கரை போகுமாம். அடங்காத தாகம், அடிக்கடி ஒண்ணுக்கு, எவ்வளவு சாப்பிட்டாலும் பசி, சாப்பிட்டதும் உடம்புல ஒட்டாம இளைச்சுப் போறது, சும்மா உக்காந்திருந்தாலும் அசதி. வயசானவங்களுக்கு வந்தா மெள்ள மெள்ள நடந்து வரும், இளவட்டத்துக்கு வந்தா குதிரையில வரும்னு அவன் வாத்தியார் சொன்னாராம். இப்போ ஊசி கண்டுபிடிச்சிருக்காங்க, ஆனா அது கப்பல்ல வரணும், வந்தாலும் யாருக்குக் கிடைக்கும்னு தெரியலைன்னு சொல்லிட்டு அவன் நிம்மதியா விளக்கை அணைச்சுட்டான். எனக்கு உடனே நாக்கு வறண்டது. ஒரு சொம்பு தண்ணி குடிச்சேன். தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வருது. வந்தா பயம் வருது. பயம் வந்தா நாக்கு வறளுது. மறுபடியும் தண்ணி. மூணு நாள்ல எனக்கு எல்லா லட்சணமும் வந்து சேர்ந்துடுச்சு. நாலாம் நாள் மூட்டையைக் கட்டிக்கிட்டு, சாகறதுன்னா சொந்த மண்ணுல சாகலாம்னு ஊருக்கு வந்துட்டேன்.

ஊர்ல இந்த நோய்க்குப் புஸ்தகம் வேண்டாம். எங்க பக்கத்துல குழந்தைக்குக்கூடத் தெரியும், எறும்பு மொய்ச்சா நீரிழிவு. நான் படிச்சவனாச்சே, சும்மா போய்ப் பார்த்துட்டு வருவேனா? முறையா விசாரணை வெச்சேன். கொல்லையில வைக்கோல்போருக்குப் பின்னால, வேலி ஓரமா, ஆம்பளைங்க ஒதுங்கற இடம் ஒண்ணு உண்டு. அங்க ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, சுத்தி நாலு கல்லு வெச்சு, நடுவுல ஒரு நொச்சிக் குச்சியை நட்டேன். காலையில ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். போனதும் அப்படியே விட்டுடக் கூடாது, அரை மணி கழிச்சு வந்து பார்க்கணும். பார்த்ததை நோட்டுல பிரஞ்சுல எழுதணும். இடம் மாறக் கூடாது, நேரம் மாறக் கூடாது. சாட்சியத்துக்கு அதுதான் முக்கியம்னு எங்க வாத்தியார் தலைபாடா அடிச்சுக்கிட்டுச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

முதல் நாளே எறும்பு வந்துடுச்சு. கறுப்புச் சிற்றெறும்பு, சாரை சாரையா. எங்க வேலிக்கு அந்தாண்டை இங்கிலீஷ்காரன் எல்லை. அங்கிருந்து சுங்கக்காரனுக்கு ஒரு சல்லிக் காசு கட்டாம எங்க பிரஞ்சு மண்ணுக்கு வந்து, என் நாலு கல்லுக்கு நடுவுல கல்யாணப் பந்தி மாதிரி உக்காந்திருந்துதுங்க. நான் அந்த வைக்கோல்போர்லயே சாஞ்சுட்டேன். கரியமாணிக்கத்துச் சிரிப்பு ஞாபகம் வந்துது. அழுகை வந்துடுச்சு.

அம்மாகிட்டச் சொன்னேன். குலதெய்வத்துக்கு ஒரு ரூபாயை மஞ்சத் துணியில முடிஞ்சு வெச்சுட்டு, பித்தமா இருக்கும், சீரகத் தண்ணி குடின்னா. அந்தத் தண்ணியைக் குடிக்கலாம்னு போனா பானையில தண்ணி இருந்தாத்தானே! நோயாளி ஒருத்தன் வீட்டுல இருக்கான், நாக்கு ஒட்டிக்குது, எப்போ போய்ப் பார்த்தாலும் பானை காலி. கேட்டா, இப்பத்தான் உங்கப்பா மொண்டு குடிச்சிட்டுப் போனாருன்னு சொல்லுவா. ஆலைக்குப் போறப்பவும் ஒரு சொரக்குடுக்கை நிறைய ரொப்பிக்கிட்டுப் போவார், பத்தாம அங்கிருந்து ஆள் அனுப்புவார். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்ல. பெத்த பிள்ளை சாகக் கிடக்கறான், அவன் வாயில ஊத்தற தண்ணியைக்கூட இந்த மனுஷன் விட்டு வெக்க மாட்டேங்கறாரேன்னு நோட்டுலயே எழுதி வெச்சேன்.

எங்கப்பாவைப் பத்திச் சொல்லணும். அவர் வியாதிங்கற வார்த்தையையே ஒத்துக்காத ஆளு. காய்ச்சல்னா வேலை செய்யாததால வந்ததும்பார், தலைவலின்னா படிச்சதால வந்ததும்பார். ஆறடி உசரம், கொப்பரையை ஒத்தை ஆளா இறக்குவார். அந்த வருஷம் கொஞ்சம் ஒட்டிப்போயிருந்தார், அரைஞாண் கயிறு இடுப்புல நிக்காம நழுவுது, மத்தியானமானா ஆலை நிழல்ல குந்திடறார். வேலை ஜாஸ்தி, வயசாகுதுல்லன்னு நான் நினைச்சேன். அப்படிச் சொல்றதுகூடப் பொய். நான் ஒண்ணுமே நினைக்கல. என் நாக்கை நீட்டிக் கண்ணாடியில பார்க்கவே எனக்கு நேரம் சரியா இருந்தது.

ஒரு நாள் காலையில நான் என் கல்லுக்கிட்டப் போறப்போ வைக்கோல்போருக்குப் பின்னாலிருந்து அவர் வேட்டியை இறக்கிக் கட்டிக்கிட்டே வந்தார். குச்சி சாஞ்சு கிடந்தது. நான் ஆத்திரத்துல, இங்க எல்லாம் மிதிக்காதே, நான் ஒரு காரியமா வெச்சிருக்கேன்னு கத்தினேன். அவர் என்னையும் பார்த்தார், நாலு கல்லையும் பார்த்தார். எறும்புக்கு எதுக்குடா காம்பவுண்டு போட்டுருக்கேன்னு கேட்டார். அன்னிக்குத்தான் அவர்கிட்ட வியாதியைச் சொன்னேன். தாகம், பசி, அசதி, இளைப்பு, எறும்பு, எல்லாத்தையும் வரிசையா சொல்லி, கல்யாணத்தை நிறுத்தணும்னு சொன்னேன். தெரிஞ்சே ஒரு பொண்ணைத் தாலியறுக்க வெக்க என்னால ஆகாதுன்னு சொல்றப்போ எனக்குக் குரல் உடைஞ்சுடுச்சு.

அவர் சிரிக்கல. குனிஞ்சு என் காலைத் தொட்டுப் பார்த்தார். விரல்ல பிசுக்குன்னு ஒட்டுச்சு.

"கரும்பு வெட்டுல இந்தக் கொல்லையில எறும்பு இல்லாத எடம் ஒண்ணு காட்டுடா பாக்கலாம். கால்ல பாகை மிதிச்சுகினு வந்து நின்னா எறும்பு வராம யானையா வரும்?"

கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அது நியாயமாத்தான் பட்டது. ஆனா சட்டம் படிச்சவன் புத்தி எங்க விடும்? மூணு நாள் ஆலைப் பக்கமே போகல. ரெண்டு காலையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சேன், வேட்டியை வெந்நீர்ல அலசினேன், கல்லுக்குக் கல்லு தாண்டித் தாண்டிப் போனேன். பார்த்தவங்க எல்லாம் பட்டணத்துல புதுசா வந்த நடைன்னு நினைச்சாங்க. மூணாம் நாள் போய்ப் பார்த்தா முன்னைவிட ஜாஸ்தி. பாகும் இல்ல, பிசுக்கும் இல்ல, எறும்பு மட்டும் இருக்கு. இதுக்கு மேல மேல்முறையீடு கிடையாதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

லீவு முடிஞ்சும் பட்டணம் திரும்பாம, உக்காந்து பொண்ணோட அப்பாவுக்கு ஒரு கடிதாசி எழுதினேன். 'விரைவில் காலமாகவிருக்கும் அடியேன்'னு ஆரம்பிச்சு நாலு பக்கம். அவங்க பொண்ணு வேற நல்ல இடத்துல வாழணும்னும், தாம்பாளம் நீட்டினப்போ சிரிச்சதை நான் மறக்க மாட்டேன்னும், மறக்கிறதுக்கு எனக்கு நாளும் இல்லைன்னும் எழுதியிருந்தேன். கரியமாணிக்கத்துக்குப் போற வண்டிக்காரன்கிட்டக் கொடுக்கறதுக்குள்ள எங்கப்பா பிடுங்கிட்டார். எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுசாப் படிச்சார். இப்போதான் அவருக்கு நிஜமான கோவம் வந்துது. கல்யாணத்துக்குச் சொல்லியாச்சு, பாக்கு வெத்திலை மாத்தியாச்சு, எறும்பு சொல்லுச்சுன்னு நிறுத்தினா அந்தப் பொண்ணை அப்புறம் எவன் கட்டுவான்னு கேட்டார். கடைசியில அவரே ஒரு ராசிக்கு வந்தார்.

"அந்த வில்லியனூரானை வரச் சொல்லு. அவன் பாட்டில் கீட்டில் கொண்டாந்து பாக்கட்டும். இருக்குதுன்னு சொன்னா நானே போயி அவங்க கால்ல வுழுந்து கல்யாணத்த நிறுத்தறேன். இல்லன்னு சொன்னா, வாயப் பொத்திகினு தாலி கட்டணும். இன்னா, சம்மதமா?"

சம்மதம்னேன். கடிதாசியை நாலா மடிச்சு இடுப்புல செருகிக்கிட்டார்.

கூட்டாளி ரெண்டு நாள் கழிச்சுக் காலையில சைக்கிள்ல வந்து சேர்ந்தான். வில்லியனூர்லேர்ந்து வண்டித்தடத்துல மிதிச்சு வந்ததுல ஆளே புழுதி. ஆனா பையில இருந்த கண்ணாடிக் குழாய் ஒண்ணுகூட உடையல. ஒரு சாராய விளக்கு, நாலு குழாய், அதைப் பிடிக்க ஒரு மரக் கிடுக்கி, ஒரு சீசாவுல அவுரிச் சாயம் மாதிரி நீலத் தண்ணி. எல்லாம் பள்ளிக்கூடத்துல யார்கிட்டயும் சொல்லாமக் கொண்டாந்தது. நீலத் தண்ணியைக் கொதிக்க வெச்சு மூத்திரத்தைச் சொட்டுச் சொட்டா விடணுமாம். சர்க்கரை இல்லன்னா நீலம் நீலமாவே இருக்கும். இருந்தா செங்கல் நிறத்துல வண்டலா இறங்கும். செவந்து நீ பார்த்திருக்கியான்னு கேட்டேன். வாத்தியார் வெல்லம் கரைச்ச தண்ணியில செஞ்சு காட்டினப்போ பார்த்திருக்கேன், நிஜ மனுஷனுது செவந்து பார்த்ததில்லைன்னான். உன்னுதுதான் முதல்னு சொல்லிட்டு, சொல்லியிருக்கக் கூடாதுன்னு நாக்கைக் கடிச்சுக்கிட்டான்.

மாட்டுக் கொட்டாயில தொட்டி மேல ஒரு பலகையைப் போட்டு விளக்கை ஏத்தினான். ஆலையை நிறுத்திட்டு எங்கப்பா வந்து நின்னார். அம்மா கொஞ்சம் தள்ளி நின்னு மஞ்சத் துணியைப் பிடிச்சுக்கிட்டிருந்தா. நான் ஒரு டம்ளரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீலத் தண்ணி கொதிச்சது. ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு, பத்துச் சொட்டு விட்டான். கொதிச்சுக்கிட்டே இருந்தது. நீலம். இன்னும் கொஞ்சம் விட்டான். நீலம். அவன் குழாயை வெயில்ல தூக்கிப் பிடிச்சு, மாதா மேல ஆணையா உனக்கு ஒண்ணுமில்லடான்னு சொல்லி என்னைக் கட்டிக்கிட்டான். அம்மா அங்கேயே மண்ணுல உக்காந்துட்டா.

நான் சந்தோஷப்பட்டிருக்கணும். படல. எறும்புக்கு என்னடா பதில்னு கேட்டேன். எறும்பு பொய் சொல்லுமா, மூணு வாரம் நோட்டுல எழுதியிருக்கேன், பக்கம் பக்கமா இருக்குதுன்னு ஆரம்பிச்சேன். தண்ணி கெட்டுப்போயிருக்கும், வெயில்ல வந்ததுல்ல, இன்னொரு தரம் காய்ச்சுன்னேன். எங்கப்பாவுக்குப் பொறுமை போயிடுச்சு. தொட்டிப் பக்கத்துல இருந்த சொரக்குடுக்கையை எடுத்து மடமடன்னு குடிச்சுட்டு, அந்த டம்ளரை வாங்கினார்.

"இவன் இப்படில்லாம் அடங்க மாட்டான். தம்பி, என்னுதையும் காய்ச்சு. தெனம் ஆலையில நின்னு வெல்லத்த துண்றவன் நான். எனக்கே நீலமா இருக்கறத இவன் கண்ணால பாக்கட்டும்."

போன வேகத்துல திரும்பி வந்தார். டம்ளர் நிறைஞ்சு வழிஞ்சுது. கூட்டாளி சிரிச்சுக்கிட்டே புதுக் குழாயை எடுத்தான். நீலம் கொதிச்சது, சொட்டு விட்டான். முதல்ல பச்சையா மாறுச்சு. அப்புறம் மஞ்சள். அவன் சிரிப்பு நின்னுது. இன்னும் ரெண்டு சொட்டு விட்டதும் குழாய் முழுக்கச் செவந்து, கலங்கி, அடியில இறங்க ஆரம்பிச்சது. அவன் அந்தக் குழாயை வெச்சுட்டு, இன்னொண்ணை எடுத்துக் கழுவித் துடைச்சு மறுபடியும் காய்ச்சினான். அதுவும் செவந்துது.

அப்போ என் மனசுல முதல்ல வந்தது எதுன்னு சொல்லிடறேன். இதை என் சம்சாரத்துக்கிட்டக்கூட ரொம்ப வருஷம் சொன்னதில்ல. முதல்ல வந்தது நிம்மதி. அப்பாடி, எறும்புக்குப் பதில் கிடைச்சுடுச்சு, நான் பிழைச்சேன்னு ஒரு குதிப்பு. ஒரு மூச்சு விடற நேரம்தான். அப்புறம்தான் அது யாரோட குழாய்னு என் மரமண்டைக்கு உறைச்சது. உறைச்ச அப்புறம் அந்தக் குதிப்பை நினைச்சு எனக்கு உடம்பு கூசிப்போச்சு.

"இன்னா நிறம் அது?"ன்னு எங்கப்பா கேட்டார்.

டாக்டருக்குப் படிக்கிறவன் குழாயை அவர் பக்கம் நீட்டினான். மூணு வாரமா வாய் ஓயாம வியாதியைப் பத்தியே பேசினவன் நான். தாகம், பசி, அசதி, இளைப்பு, காலியாப் போற பானை, நழுவற அரைஞாண், எல்லாம் என் கண்ணு முன்னாடிதான் நடமாடிக்கிட்டிருந்தது. நான் போறதுக்கு முன்னாலயும் போன அப்புறமும் அதே நாலு கல்லுக்கு நடுவுலதான் அவர் போயிருக்கார். விடியறதுக்குள்ள ரெண்டு தரம், பகல்ல நாலு தரம். ஒரே ஒரு நாள் நான் வேற மூலைக்குப் போயிருந்தா விஷயம் வெளிச்சமாகியிருக்கும். இடம் மாறக் கூடாதுன்னு சட்டம் பேசினேன்.

அவர் குழாயைத் தன் கையில வாங்கிப் பார்த்தார். வெந்த செங்கல்லுன்னு அவரே சொல்லிக்கிட்டார். அப்புறம் வைக்கோல்போர்ப் பக்கம் திரும்பினார்.

"அப்ப அந்த எறும்பு என்னுதா?" என்னைப் பார்த்தார். "மூணு வாரமா என் எறும்பப் பாத்துகினாடா நீ அழுதே?"

சொல்லிட்டு அவர் சிரிச்சார். கொட்டாயே அதிர்ற மாதிரி சிரிச்சார். கூட்டாளியும் சிரிச்சுட்டான், அம்மாவும் பாவம் ஒண்ணும் புரியாமச் சிரிச்சா. நான் மட்டும் தேம்பித் தேம்பி அழுதேன். நோட்டுல என் சாவுக்காக அழுதது எல்லாம் சும்மா. அன்னிக்குத்தான் எனக்கு நிஜமா அழுகை வந்தது.

அடுத்த வாரம் அவரைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக்கிட்டு இட்டுக்கிட்டுப் போனேன். அங்க துரை டாக்டர் பிரஞ்சுல சொல்லச் சொல்ல நான் தமிழ்ல சொன்னேன். வெல்லம் கூடாது, கரும்புச் சாறு கூடாது, சோறு ஒரு கைப்பிடி, கேழ்வரகும் கீரையும். வயசானவங்களுக்கு வர்றது, பத்தியம் இருந்தா மெள்ளத்தான் நடக்கும்னார். வெல்லம் காய்ச்சறவன்கிட்ட வெல்லம் கூடாதுன்னு சொல்றான், இவன் நல்ல டாக்டருதானான்னு எங்கப்பா என்னைக் கேட்டார். அதை நான் பிரஞ்சுல சொல்லல.

திரும்பி வர்றப்போ கிருமாம்பாக்கம் தாண்டினோம். அப்புறம், ரோட்டைப் பார்த்துக்கிட்டே, வாழ்நாள்ல முதல் தடவையா என்கிட்ட யோசனை கேட்டார்.

"நீ மூணு வாரம் சாவப்போறேன்னு நெனச்சுகினு இருந்தியே. சோறு எப்படிடா எறங்குச்சி உனக்கு? பயத்துக்கு இன்னா பண்ணே?"

ஆறடி மனுஷன். எனக்குத் தெரிஞ்சு அவர் பாம்புக்குப் பயந்ததில்ல, கடனுக்குப் பயந்ததில்ல, வெள்ளைக்காரனுக்குப் பயந்ததில்ல. பயப்படறது எப்படின்னு அவருக்குப் பழக்கமே கிடையாது. அந்த வித்தையில அந்த வட்டாரத்துலயே கைதேர்ந்தவன் நான்தான்னு என்கிட்டக் கேட்கறார். பொய் சொல்ல மனசு வரல.

"உன்னத் திட்டிகினே இருந்தேன்பா"ன்னேன். "பானையில தண்ணி வெக்க மாட்டேங்கற, எனக்கு அக்கறை காட்ட மாட்டேங்கறன்னு. யாரையாவது திட்டிகினே இருந்தா கொஞ்சம் தேவலையா இருந்துச்சி."

அவர் தலையை ஆட்டினார்.

"சரி, அப்ப நானும் உன்னையே திட்டறேன்."

சொன்ன சொல் தவறல. மாசியில கல்யாணம் நடந்துது. பந்தியில சர்க்கரைப் பொங்கலை எல்லாருக்கும் அவரே பரிமாறினார். கடைசியில காலி அண்டாவைப் பார்த்துட்டு, உன்னாலதாண்டா எனக்கு ஒரு வாய்க்கு இல்லாமப் போச்சுன்னு சம்பந்திங்க முன்னாடி என்னைத் திட்டினார். அந்தக் கடிதாசியைப் பத்திரமா மருமக கையில கொடுத்ததும் அவர்தான். என் சம்சாரம் இன்னிக்கும் எனக்குத் தும்மல் வந்தா, விரைவில் காலமாகவிருக்கும் அடியேனுக்குக் கஷாயம் வேணுமான்னு கேட்கறா.

அவர் அதுக்கப்புறம் எட்டு வருஷம் இருந்தார். களி புளிச்சா என்னைத் திட்டினார், கீரையில மண்ணிருந்தா என்னைத் திட்டினார், கால்ல புண்ணு ஆறலைன்னா பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கற மாதிரி திட்டினார். நான் கோர்ட்டுக் கட்டு எல்லாத்தையும் போட்டுட்டு வந்து கேட்டுக்கிட்டு நிப்பேன். பார்த்தவங்களுக்கு அது சண்டையாத் தெரியும். கடைசி வாரம் எழுந்து உக்காரக்கூட அவருக்கு முடியல. ஈரத் துணியை வாயில வெக்கக் குனிஞ்சேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ரொம்ப மெல்லிசா, "எல்லாம் உன்னாலதாண்டா"ன்னார்.

"ஆமாம்பா"ன்னேன். "இன்னும் திட்டு."